பியூஜி மலைப் பாதைகள்: புனிதத்தின் சமூக அடித்தளம்

யப்பானின் பியூஜி மலை (3,776 மீற்றர்) பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் அதன் புனிதத்தைக் காலங்கடந்த ஒன்றாகவே கொள்கின்றன. உச்சிக்குச் செல்ல இன்று யொசிடா, சுபாசிரி, கொதெம்பா, பியூஜினொமியா என நான்கு பாதைகள் உள. அவற்றில் எவர் ஏறினர், எவர் தடுக்கப்பட்டனர் என வினவுவோமாயின் புனிதத்துக்கும் ஒரு சமூக வரலாறு உண்டென்பது புலனாகும். வடபுறத்து யொசிடா பாதையை முதன்மையாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

ஆரம்பத்தில் மலையேற்றம் துறவியரின் தவநெறியாக இருந்தது. தொக்குகாவா ஆட்சியில் (1603-1868) எடோ நகரம், அதாவது இன்றைய தோக்கியோ, பெருகி வளர்ந்தபோது கைவினைஞரும் சிறுவணிகரும் 'பியூஜி-கோ' எனும் வழிபாட்டுச் சங்கங்களை அமைத்தனர். யாத்திரைச் செலவு தனியொருவரின் சக்திக்கு அப்பாற்பட்டது. எனவே அங்கத்தவர் யாவரும் சிறுதொகை செலுத்த, அவர்களுள் முறைவைத்துத் தெரிவானோர் அனைவரின் சார்பிலும் மலையேறினர். நம்மிடையே வழங்கும் சீட்டு முறையை இது ஓரளவு ஒத்தது. யொசிடாவில் 'ஒசி' எனப்பட்ட பூசகர் இல்லங்கள் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்தன.

இவ்வியக்கத்தின் முக்கிய ஆசான் ஜிகிக்யோ மிரொக்கு ஓர் எண்ணெய் வணிகர். 1732இல் பஞ்சம் தோன்றியது; 1733இல் எடோ மக்கள் அரிசி வணிகரொருவரின் இல்லத்தைத் தாக்கினர். அதே ஆண்டிலேயே அவர் மலையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். பெண்கள் தீட்டுடையோர் என்ற கருத்தை அவர் மறுத்தமை மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் அவரவர் தொழிலைச் செவ்வனே செய்தலே வழிபாடு என்ற அவரது போதனை, நிலவிய சமூகப் படிநிலையை அசைக்கவில்லை. வளர்ந்துவரும் நகர மாந்தரின் தன்னம்பிக்கையும் அவர்தம் வரலாற்று எல்லையும் இம்முரண்பாட்டிற் காணப்படுகின்றன. எனினும் அரசு இச்சங்கங்களைப் பல தடவை தடைசெய்தது.

பெண்கள் உச்சிக்கு ஏறுதல் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தது. 1832இல் தகயாமா தட்சு என்ற பெண் ஆணுடை தரித்தே உச்சியை அடைந்தார். எடோ நகரில் எழுப்பப்பட்ட சிறு பியூஜிக் குன்றுகள், மலையேற இயலாத பெண்களுக்கும் முதியோருக்கும் மாற்றுத் தலங்களாயின. மெயிஜி அரசு 1868இல் சின்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தது. 1872இல் பெண்கள் மீதான தடை நீங்கியது.

1964இல் மோட்டார் வீதி ஏறத்தாழ 2,300 மீற்றர் உயரத்திலுள்ள ஐந்தாம் நிலையத்தை எட்டியது. அதனால் அடிவாரக் கோயிலிலிருந்து தொடங்கும் பழைய நடைபாதையை விட்டுப் பெரும்பாலானோர் விலகினர். 2013இல் யுனெஸ்கோ மலையைப் பண்பாட்டு மரபுரிமையாக ஏற்றது. நெரிசலைக் குறைப்பதற்கென 2024இல் யொசிடா பாதையில் நாளொன்றுக்கு 4,000 பேர் என்ற வரம்பும் 2,000 யென் கட்டணமும் விதிக்கப்பட்டன. 2025இல் நான்கு பாதைகளிலும் கட்டணம் 4,000 யென்னாயிற்று.

பாதுகாப்பு நோக்கில் இவ்வொழுங்கு நியாயமானதே. ஆயினும் எடோவின் தச்சன் தன் சங்கத்தாரின் பொதுப்பணத்தில், அவர்களுக்காகவும் ஏறினான். இன்றைய பயணி பெரும்பாலும் தன் பணத்தில் தனக்காகவே ஏறுகிறான். மலை ஒன்றே, அதனை நாடும் மனிதரின் சமூக உறவே மாறியுள்ளது. புனிதத்தலங்கள் பற்றிய ஆய்வு இவ்வுறவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.