உங்களுக்குத் தெரியுமா? புயல் ஓய்ந்தாலும் கப்பல் வழி மாறும்!

2005 அக்டோபரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவைத் தாக்கிய ‘வில்மா’ சூறாவளியின் மைய அழுத்தம் 882 மில்லிபார் வரை இறங்கியிருந்தது. அட்லாண்டிக் சூறாவளிகளிலேயே இதுதான் மிகக் குறைவு. அங்கே சுற்றுலாக் கப்பல்கள் அணையும் புவெர்ட்டா மாயா இறங்குதுறை நொறுங்கியது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளில் கரை சேர்ந்தனர். துறை மீண்டும் திறக்க 2008 ஆகிவிட்டது!

2017-இல் இர்மா, மரியா சூறாவளிகள் கிழக்குக் கரீபியத் தீவுகளைச் சிதைத்தபோது, பல கப்பல்கள் மேற்குப் பக்கம் திருப்பிவிடப்பட்டன. ‘அட்வென்ச்சர் ஆஃப் தி சீஸ்’ என்ற கப்பல் தன் சுற்றுலாப் பயணத்தையே ரத்து செய்து, அத்தீவுகளிலிருந்து 3,000-க்கும் மேற்பட்டோரை மீட்டு ஃப்ளோரிடாவில் இறக்கியது.

கப்பல் வராத நாளில், தீவின் கடைக்காரருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும் பிழைப்பு இல்லை. துறையைச் சீரமைப்பது அவர்கள் வாழ்வைச் சீரமைப்பது!