நேற்றைய கிளி எங்கே?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளிக்கு ஆயுள் ஒரே நாள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் அலகு, வாழைநாரில் கட்டு. தினமும் புதிதாகச் செய்கிறார்கள். பழையது யாராவது ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும். ஊரில் கேட்டால் எல்லாமே ‘ஆண்டாள் கிளி’தான்.

நம் உடம்பும் ஓயாமல் மாறுகிறது. ரத்தச் சிவப்பணு 120 நாள் தாங்கும். குடலின் உட்சுவர் செல்கள் சில நாளிலேயே உதிர்ந்துவிடும். அதற்காக, ஏழு வருஷத்தில் ஆளே புதுசாகிவிடுவார் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வகத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் 2005-இல் செல்லின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வரை காற்றில் கார்பன்-14 ஏறியது. வெட்டவெளிச் சோதனைகளுக்குத் தடை வந்ததும் இறங்கியது. செல் பிறக்கும்போது அன்றைய காற்றிலிருந்த கார்பன்-14 அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்துவிடும். அதை வைத்துப் பார்த்ததில், பெருமூளைப் புறணியின் நரம்பு செல்களுக்கும் ஆளுக்கும் ஒரே வயது. இதயத் தசை செல்களில் பாதிக்கு மேல் கடைசிவரை மாறுவதில்லை என்பது 2009-இல் தெரிந்தது.

அப்படியானால் மூளை செல்தான் ‘நான்’ என்று முடித்துவிடலாமா? அந்த செல்லுக்குள்ளும் டிஎன்ஏதான் நிலை. புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஆளை ஆளாக்குவது நினைவுதான் என்று 1694-இல் எழுதினார் தத்துவவாதி ஜான் லாக். அதற்குச் சோதனையாக வந்தவர் அமெரிக்காவின் ஹென்றி மொலைசன். வலிப்புக்காக 1953-இல் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியை வெட்டியெடுத்தார்கள். பிறகு 2008-இல் இறக்கும்வரை, சற்றுமுன் பேசியவரைக்கூட அவருக்கு நினைவிருக்காது. ஆனால் சாந்த குணம் அப்படியே இருந்தது. அவரை வேறு ஆள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984-இல் ஒரு கற்பனை இயந்திரத்தை வைத்து மடக்கினார். அது உங்களை செல் செல்லாகப் படியெடுத்து, செவ்வாய் கிரகத்தில் இன்னொரு ‘உங்களை’ உண்டாக்கும். இங்கே இருப்பவர் அழியாவிட்டால் யார் நீங்கள்? கிளியிடமும் இதே சிக்கல் உண்டு. நேற்றையது பக்தர் வீட்டு பூஜை அறையில், இன்றையது ஆண்டாள் கையில். இரண்டும் ஒன்றாக முடியாது. மனிதருக்கு அப்படி நேர்வதில்லை. பழைய உடம்பு எங்கும் தங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதுக்குள்ளேயே கரைகிறது. அந்த அறுபடாத தொடர்ச்சிதான் ஆள் என்பது என் கட்சி. மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்தும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் அதே தேராக இருப்பதும் இதனால்தான்.

தத்துவக்காரர்கள் 300 வருஷமாக இழுக்கும் இந்த வழக்கை ரேஷன் கடை இயந்திரம் ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. ரேகை விழுந்தால் நீ நீதான். பக்கத்து ராஜபாளையம் நூல் மில், தறிவேலைக்காரர்கள் ஊர். உழைத்துத் தேய்ந்த விரலும் வயதான தோலும் அந்த இயந்திரத்துக்குப் புரிவதில்லை. “ரேகை விழல பாட்டி, கையத் தொடச்சிட்டு இன்னொரு தடவ வைங்க” என்பார் கடைக்காரர். பாட்டி யாரென்று அவருக்கும் தெரியும், வரிசைக்கே தெரியும்.

வீட்டில் பெரியவர்களுக்கு இப்படி ஆனால், ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய் ரேகையைப் புதுப்பித்துவிடுங்கள். கருவிழிப் பதிவையும் அங்கேயே எடுக்கிறார்கள்.