கரண்ட் ஏன் போனது? பதிவேட்டைக் கேட்டு வாங்கலாம்

உங்கள் பகுதியில் அடிக்கடி மின்சாரம் நிற்கிறது. பிரிவு அலுவலகத்தில் கேட்டால், "மேலேயிருந்தே சப்ளை இல்லை" என்கிறார்கள். அது உண்மையா என்று உங்களால் சரிபார்க்க முடியுமா? முடியும். மின்தொகுப்பை (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை) நடத்தும் நிறுவனங்கள் ஒவ்வொரு தடையையும் பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த "மேலே" என்பது யார்? உங்கள் தெருவுக்கு மின்சாரம் தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். உயரழுத்தக் கம்பிகள் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்திடம் இருக்கின்றன. தென்மாநிலங்களின் மின்சுமையைப் பெங்களூருவில் உள்ள மையமும், நாடு முழுவதையும் டெல்லியில் உள்ள கிரிட் இந்தியா நிறுவனமும் கவனிக்கின்றன. இவை எல்லாமே அரசு நிறுவனங்கள். ஆகவே 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவற்றுக்கும் பொருந்தும்.

டெல்லியில் இருக்கும் பதிவு நமக்கு எதற்கு? 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவிலும், இரண்டாம் நாள் கிழக்கு, வடகிழக்கு இந்தியாவிலும் மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 60 கோடிப் பேர். பல கம்பித் தடங்கள் முன்பே நிறுத்தப்பட்டிருந்தன, சில மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் எடுத்தன, அந்த நிலையில் பீனா - குவாலியர் தடமும் விழுந்தது. இவையெல்லாம் விசாரணை அறிக்கை வெளியிடப்பட்டதால்தான் மக்களுக்குத் தெரிந்தன. அன்று தென்னகம் தனித் தொகுப்பாக இருந்ததால் தப்பியது. 2013 டிசம்பர் 31 முதல் நாமும் அதே வலையில் இருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மனு போட வேண்டுமா? வேண்டாம். நாட்டில் எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது, எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு பற்றாக்குறை என்பதை மாநில வாரியாகக் கிரிட் இந்தியா தன் இணையதளத்தில் தினமும் வெளியிடுகிறது. "மேலேயிருந்து சப்ளை இல்லை" என்று சொன்ன நாளின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு அன்று பற்றாக்குறையே இல்லை என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பக்கம்தான்.

உங்கள் ஃபீடர் (துணை மின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு வரும் தடம்) பற்றிய விவரத்துக்குத்தான் மனு தேவைப்படும். அதை எப்படி எழுதுவது? பலர் சறுக்குவது இங்கேதான். "ஏன் அடிக்கடி கரண்ட் போகிறது?" என்று எழுதினால், "விளக்கம் கேட்பது தகவல் ஆகாது" என்று பதில் வரக்கூடும். கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அலுவலகத்தின் கடமை. ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள்: "இந்தத் துணை மின் நிலையத்தில், இந்த ஃபீடரில், மே 1 முதல் 31 வரை ஏற்பட்ட மின்தடைகளின் தேதி, நேரம், பதியப்பட்ட காரணம் ஆகியவை உள்ள பதிவேட்டுப் பக்கங்களின் நகல் வேண்டும்." டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்புப் பதிவையும் இப்படியே கேட்கலாம்.

தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம், மத்திய நிறுவனம் என்றால் போஸ்டல் ஆர்டர் இணைக்கலாம். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். இது குடிமக்களுக்கான உரிமை என்பதால், ஒருவர் தன் சொந்தப் பெயரில் போடுவதே பாதுகாப்பு. அலுவலகம் மாறிப் போய்விட்டால்? உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும்.

மறுக்க மாட்டார்களா? பாதுகாப்பு, வணிக ரகசியம் என்று சொல்லி மறுப்பது உண்டு. பக்கத்து வீட்டு பில்லைக் கேட்டால் தனிப்பட்ட விவரம் என்பார்கள், அது நியாயம்தான். ஆனால் ஒரு தெருவின் மின்தடைப் பட்டியலில் நாட்டின் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆவணத்தில் ஒரு பகுதி ரகசியம் என்றால், அதை நீக்கிவிட்டு மீதியைத் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

30 நாளில் பதில் வராவிட்டால் அதுவும் மறுப்புதான். அடுத்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அங்கும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்: மாநில நிறுவனத்துக்குச் சென்னை, கிரிட் இந்தியாவுக்கு டெல்லி.

நகல் கிடைத்து என்ன பயன்? மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் வெறும் புகாரைவிட, மின் அலுவலகத்தின் சொந்தப் பதிவேட்டின் நகல் பல மடங்கு வலுவானது. சேவைத் தரம் தவறினால் இழப்பீடு கேட்க மின்சாரச் சட்டம் 2003-இன் 57-ஆம் பிரிவு வழி தருகிறது. மின்கட்டண உயர்வு குறித்து மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும்போதும் இதையே முன்வைக்கலாம்.

கம்பி அறுந்து கிடந்தால் மட்டும் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அருகே போகாமல் உடனே மின்னகத்தை (மின் புகார் மையம்) 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள். மற்றபடி, மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். அலுவலகம் மனுவைப் பெற்ற நாளிலிருந்துதான் அந்த 30 நாள் கணக்கு தொடங்குகிறது.