எறும்பின் மீசையும் தெரிய வேண்டுமா?
சட்டைப்பை காமிரா வாங்குவோர் கவனிக்க!

மக்காச்சோளக் காட்டில் ஒரு புழு. அரை அங்குல நீளம்தான் இருக்கும்.

அதைப் படம் பிடித்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்ப வேண்டும். விவசாயி போனை எடுக்கிறார். புழுவுக்கு மிக அருகில் கொண்டுபோய் அழுத்துகிறார்.

இலை தெளிவாக விழுந்திருக்கிறது. பின்னால் உள்ள மண் தெளிவாக விழுந்திருக்கிறது. புழு மட்டும் மங்கலாக இருக்கிறது!

"படம் மங்கினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம். சில வேளைகளில் வெள்ளாமையே முழுகிவிடும்.

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2018-ம் ஆண்டு இந்தியாவுக்குள் புகுந்தது. முதலில் கர்நாடகத்தில் கண்டார்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் அது தின்று தீர்த்தது.

மக்காச்சோளத்தைத் தின்னும் புழுக்கள் வேறு பலவும் உண்டு. படைப்புழுவுக்கு இரண்டு முக்கிய அடையாளங்கள். தலையில், உண்டிவில் கவட்டையைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வெளிர் கோடு. பின்பக்கம், கடைசிக்கு முந்தைய கண்டத்தில், சதுரத்தின் நான்கு மூலைகள் போல நான்கு கரும்புள்ளிகள்.

அரை அங்குலப் புழுவில் இந்தப் புள்ளிகள் எவ்வளவு சிறியவை என்று எண்ணிப் பாருங்கள். அவை தெரிந்தால்தான் இன்ன புழு என்று சொல்ல முடியும். புழு பெரிதாகிக் குருத்துக்குள் புகுந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது.

விவசாயிக்கு மட்டும் அல்ல. நகை வேலை செய்பவருக்கும், பழைய நாணயம் சேர்ப்பவருக்கும், பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் மாணவனுக்கும் இப்படிப்பட்ட நெருக்கமான படம் வேண்டும். பெரிய காமிராவும் அதற்கென்று தனி லென்ஸும் வாங்கினால் செலவு ஏராளம். சட்டைப்பையில் அடங்கும் காமிராவே போதும். ஆனால், பார்த்து வாங்க வேண்டும்.

மெகாபிக்சல் மயக்கம்

கடையில் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. "இது 12, அது 48. அதுதான் உசத்தி!" என்பார்கள்.

நெருக்கப் படத்துக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஏன் என்று பாருங்கள்.

12 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 4,000 புள்ளிகள் உண்டு. அந்தக் காமிரா மிக நெருங்கி, 2 சென்டிமீட்டர் அகலமுள்ள இடத்தை மட்டும் படத்தில் நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 5 மில்லிமீட்டர் நீள எறும்பு இருந்தால், அது படத்தில் கால் பங்கு. அதாவது எறும்புக்கு 1,000 புள்ளிகள்.

48 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 8,000 புள்ளிகள். ஆனால் அந்தக் காமிரா நெருங்காது. 20 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறைந்தால் மங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அதே எறும்பு இப்போது நாற்பதில் ஒரு பங்கு. எறும்புக்குக் கிடைப்பது வெறும் 200 புள்ளிகள்!

நாலு மடங்கு மெகாபிக்சல் இருந்தும் எறும்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆகவே, "எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்பதற்கு முன்னால், "எவ்வளவு நெருங்கும்?" என்று கேளுங்கள்.

ஏ-4 தாளில் நேர்த்தியாக அச்சிட 9 மெகாபிக்சல் இருந்தால் போதும்.

சங்கிலி கட்டிய காமிரா

சட்டைப்பை காமிராவில் நெருக்கப் படம் எடுப்பது புதிய சங்கதி அல்ல.

வால்டர் சாப் என்பவர் ஒரு குட்டிக் காமிராவைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் மினாக்ஸ். 1938-ம் ஆண்டு லாட்வியா நாட்டின் ரீகா நகரில் அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். கைக்குள் மறைந்துவிடும். அது எடுக்கும் பிலிம் படத்தின் அளவு 8-க்கு 11 மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகம் அளவு!

அந்தக் காமிரா 20 சென்டிமீட்டர் வரை நெருங்கும். தூரத்தை அளக்க அதனுடன் ஒரு சங்கிலியும் உண்டு. சங்கிலியில் தூரக் குறிகள் இருக்கும். ஒரு நுனி காமிராவில், மறு முனை காகிதத்தின் மேல். தூரம் சரியாக அமைந்தால் எழுத்து தெளிவாக விழும். உளவாளிகள் ரகசியக் காகிதங்களைப் படம் பிடிக்க இதைத்தான் விரும்பினார்கள்.

இன்று சங்கிலி இல்லை. காமிராவே தூரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் தூரம் தப்பினால் படம் தப்பும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

பூப் படத்துக்குள் ஒரு பொறி

பல காமிராக்களில் ஒரு சிறு பூப் படம் போட்ட பொத்தான் அல்லது குறி இருக்கும். அதுதான் நெருக்கப் படத்துக்கான 'மேக்ரோ' ஏற்பாடு. பெட்டியின் மேல் "1 சென்டிமீட்டர் வரை நெருங்கும்" என்று அச்சிட்டிருப்பார்கள்.

பொய் அல்ல. ஆனால் முழுக் கதையும் அல்ல.

பெரும்பாலான காமிராக்களில் அந்த 1 சென்டிமீட்டர், ஜூமை இழுக்காதபோது மட்டுமே உண்டு. ஜூமை முழுவதும் இழுத்தால் காமிரா 30 சென்டிமீட்டர், சிலவற்றில் அரை மீட்டர் விலகி நிற்க வேண்டியிருக்கும்.

ஜூம் இல்லாமல் பூச்சியின் மூக்கருகே போனால் என்ன ஆகும்? பூச்சி பறந்துவிடும். பறக்காவிட்டால் காமிராவின் நிழலே அதன் மேல் விழும்.

ஆகவே கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஜூம் இழுக்காமல் எவ்வளவு நெருங்கும்? முழுவதும் இழுத்தால் எவ்வளவு நெருங்கும்?

எந்தக் காமிரா?

ஒலிம்பஸ் கம்பெனியின் டி.ஜி. வரிசை இந்த வேலைக்குப் பேர் பெற்றது. 2017-ல் டி.ஜி.5, 2019-ல் டி.ஜி.6 வந்தன. பிறகு ஒலிம்பஸின் காமிராத் தொழில் கைமாறியது. 2023-ல் டி.ஜி.7, ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் வந்தது.

இந்த மூன்றிலும் 12 மெகாபிக்சல்தான். ஆனால் 'மைக்ராஸ்கோப்' என்ற ஏற்பாடு உண்டு. ஜூமை முழுவதும் இழுத்த பிறகும் 1 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம்! எடை சுமார் 250 கிராம். 15 மீட்டர் ஆழத் தண்ணீரிலும் வேலை செய்யும். மழையில் வயலுக்கு எடுத்துப் போகலாம்.

புதிதாக வாங்கினால் விலை சற்று அதிகம். ஒருவர் பயன்படுத்திய டி.ஜி.5 நல்ல நிலையில் கிடைத்தால், நெருக்கப் படத்துக்கு அதுவே தாராளம்.

ரிக்கோ கம்பெனியின் டபிள்யூ.ஜி.6, டபிள்யூ.ஜி.80 ஆகியவற்றில் லென்ஸைச் சுற்றி ஆறு குட்டி விளக்குகள் இருக்கின்றன. காமிராவின் நிழல் விழும் தொல்லைக்கு இது நல்ல மருந்து. இவையும் 1 சென்டிமீட்டர் வரை நெருங்கும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

2002-ம் ஆண்டு வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 4500, வெறும் 4 மெகாபிக்சல் காமிரா. 2 சென்டிமீட்டர் வரை நெருங்கியதால் பூச்சிப் படம் எடுப்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள். இன்று மலிவாகக் கிடைத்தாலும், அதற்கு வேண்டிய பழைய வகை மெமரி கார்டு எளிதில் கிடைக்காது. குதிரை மலிவு, லாடம் விலை என்று ஆகிவிடும்!

பழைய காமிராவில் இவற்றைப் பாருங்கள்:

1. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை நூல் தெரிந்தால் அது பூஞ்சை. வேண்டாம்.

2. பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு ஆகியவை இன்றும் விலைக்குக் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

3. ஜூமை நாலைந்து முறை உள்ளே வெளியே இழுத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள்.

4. தண்ணீர் புகாத காமிரா என்றால் மூடியின் ரப்பர் விளிம்பைப் பாருங்கள். வெடிப்போ மணலோ இருந்தால் தண்ணீர் புகும்.

பணம் கொடுக்கும் முன்...

முதலில் வீட்டில் இருக்கும் போனைச் சோதியுங்கள். சாதாரணப் போன் மிக அருகில் மங்கும். சற்று விலகி நின்று எடுத்து, பிறகு வேண்டிய பாகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். போன் மேல் கவ்விக்கொள்ளும் சிறு லென்ஸ்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. படத்தின் ஓரம் சற்று மங்கும். நடுப்பாகம் நன்றாக இருக்கும். புழுவை அடையாளம் காண அது போதும் என்றால், காமிராவுக்கு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்?

சில மலிவுப் போன்களில் தனியாக ஒரு மேக்ரோ லென்ஸ் இருக்கும். அவற்றில் பல வெறும் 2 மெகாபிக்சல்தான். அதற்காகவே புதுப் போன் வாங்குவது வீண்.

வாங்கிய பிறகு

நல்ல காமிராவும் ஆடும் கையில் கெட்டுப்போகும். அருகில் போகப்போக, சிறு அசைவும் பெரிதாகத் தெரியும். ஒரு சிறு துணிப்பையில் அரிசியைப் போட்டுக் கட்டி, அதன் மேல் காமிராவை வையுங்கள். 2 விநாடி கழித்துப் படம் எடுக்கும் ஏற்பாடு பல காமிராக்களில் உண்டு. அதைப் போட்டால் விரல் அழுத்தும் ஆட்டமும் படாது.

பிளாஷ் விளக்கு அருகில் கண்ணைப் பறிக்கும், படம் வெளுத்துப்போகும். விளக்கின் முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஒளி பரவி மென்மையாக விழும். நிழல் பக்கத்தில் இன்னொரு வெள்ளைத் தாள் வைத்தால் அங்கும் வெளிச்சம் ஏறும்.

பூச்சிப் படத்துக்கு அதிகாலைதான் நல்ல நேரம். குளிரில் வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் சோம்பி உட்கார்ந்திருக்கும். காற்றும் குறைவு.

ஒரு சுலபமான சோதனை

இத்தனையும் நினைவில் நிற்காது என்பவர்களுக்கு ஒரே ஒரு வழி இருக்கிறது.

பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் அடிக்கோலைக் கடையில் மேஜை மேல் வையுங்கள். காமிராவை எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நெருக்கி, கோடுகள் தெளிவாக இருக்கும்படி படம் எடுங்கள். பிறகு படத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எத்தனை சென்டிமீட்டர் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

5 சென்டிமீட்டர் என்றால் பூவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஆகும். 2 சென்டிமீட்டர் என்றால் புழுவின் புள்ளியும் எறும்பின் மீசையும் தெரியும். 10 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அந்தக் காமிரா குடும்பப் படத்துக்குத்தான் லாயக்கு.

இந்த அளவைப் பெட்டியின் மேல் போட்டிருக்கமாட்டார்கள். விற்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆகவே கடைக்குப் போகும்போது பணத்தோடு ஓர் அடிக்கோலையும் எடுத்துச் செல்லுங்கள்!