திருகோணமலையின் களிநிலங்கள்

திருகோணமலை என்றவுடன் உலகத்தார் நினைவில் எழுவது அதன் இயற்கைத் துறைமுகமேயாகும். ஆழமும் காப்பும் ஒருங்கே அமைந்த அக்குடாவின் பொருட்டு மேனாட்டு வல்லரசுகள் பல தம்முட் பொருதன. அத்துறைமுகத்தின் பின்னே, கந்தளாய் தொடங்கித் தம்பலகாமம் வரையிலும், கிண்ணியா, மூதூர், சேருவில் ஆகிய ஊர்களைச் சூழ்ந்தும் பரந்து கிடக்கும் வயல்நிலங்களோ அத்துணைப் பெயர் பெற்றவை அல்ல. ஆயினும் மாவட்டத்து மக்களுட் பெரும்பகுதியினருக்குச் சோறு அளிப்பவை அவையே. துறைமுகத்தின் ஆழத்தை இயற்கை வகுத்துவிட்டது. வயலின் வளமோ, அதன் மண்ணை அறிந்து பேணுவோர் கையில் இருக்கிறது.

இவ்வயல்களின் மண்ணைப் பொதுவாகக் களிமண் என்று கூறிவிடுதல் வழக்கம். அச்சொல் ஒன்றாயினும், அதனால் குறிக்கப்படும் மண் ஒன்றன்று. மண்ணியல் அறிஞர் 0.002 மில்லிமீற்றரிலும் சிறிய துகள்களையே களி என்பர். அத்தகைய துகள்கள் ஒரு மண்ணில் எவ்வளவு உள்ளன என்பதோடு, அவை எந்தக் கனியத்தால் ஆனவை என்பதையும் அறிந்தாலன்றி அம்மண்ணின் இயல்பு புலப்படாது.

களிக் கனியங்களுட் கேயோலினைட்டு என்பது ஒருவகை. அதன் மெல்லிய படைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருத்தலால் நீர் அவற்றினிடையே புகுவதில்லை. குயவர் பாண்டம் வனைவதற்கு உகந்த களிகளிற் பல இவ்வகையைச் சேர்ந்தவை. மொன்மொரிலோனைட்டு என்னும் மற்றொரு வகையிலோ படைகளின் பிணைப்புத் தளர்ந்தது. நீர் இடையே புகப் புக அது பருத்து வீங்கும்; நீர் அகன்றதும் சுருங்கும். ஒரு கிராம் கேயோலினைட்டின் மேற்பரப்பு ஏறக்குறைய 10 முதல் 20 சதுர மீற்றர் வரை இருக்க, ஒரு கிராம் மொன்மொரிலோனைட்டின் உட்பரப்பும் வெளிப்பரப்பும் சேர்ந்து 800 சதுர மீற்றரை எட்டக் கூடும். நீரையும் பயிருணவையும் பிடித்து வைக்கும் ஆற்றல் இரண்டிலும் பெரிதும் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

வீங்கிச் சுருங்கும் களிமண் உலகின் பல பாகங்களிலும் உண்டு. வட அமெரிக்காவின் பிரேரிப் புல்வெளியில், தென் டகோட்டா மாநிலத்திலே, பண்டைக் கடலடியிற் சேறாகப் படிந்து இறுகிய களிப்பாறை சிதைந்து கனத்த களிமண்ணாக மாறியிருக்கிறது. அப்பாறையை அங்கிருந்த பியர் என்னும் கோட்டையின் பெயரால் வழங்குவர். இந்தியாவின் தக்கணத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையிலிருந்து இத்தகைய மண் தோன்றியது. கோவிற்பட்டிப் பக்கத்துக் கரிசற் காடும் இவ்வினத்ததே. இலங்கையில் இதற்கு எடுத்துக்காட்டாக நிற்பது மன்னார் மாவட்டத்தில், கட்டுக்கரைக் குளத்தை அடுத்த முருங்கன் மண். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு முருங்கனிலிருந்தே களி எடுத்துச் செல்லப்பட்டது.

பாறை வேறுபடினும் இம்மண்களின் நடத்தை ஒன்றாக இருத்தலைக் கண்ட அறிஞர், அவற்றை ஓரினமாக வகுத்தனர். முன்னர் குருமுசோல் என வழங்கிய அவ்வினத்தை இன்று வெர்டிசோல் என்பர். புரளுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. குறைந்தது 30 சதவீதம் களி இருத்தல், கோடையில் ஆழமாகப் பிளந்து மாரியில் மீண்டும் மூடுதல், வீங்கும் மண் ஒன்றையொன்று நெருக்கி உராய்வதால் உள்ளே மினுமினுப்பான சரிவு முகங்கள் தோன்றுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். மேல்மண் வெடிப்பில் விழுந்து கீழே செல்ல, கீழ்மண் நெருக்குண்டு மேலே எழும். மண் தன்னைத் தானே உழுதுகொள்கிறது எனலாம்.

திருகோணமலையின் வயல்மண்ணும் கோடையில் வெடிக்கிறது. அது கண்டு அதனையும் முருங்கன் மண்ணோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. இங்குள்ள அடித்தளம் மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள சில திங்களிலே பெய்துவிடும். எஞ்சிய காலம் பெரும்பாலும் வறட்சியே. இச்சூழலில் ஒரே வகைப் பாறையின்மீது, மேட்டில் ஒரு மண்ணும் பள்ளத்தில் மற்றொரு மண்ணும் உருவாகியிருக்கின்றன. சரிவுக்கு ஏற்ப மண் மாறிவரும் இவ்வரிசையைச் சங்கிலிக்கு ஒப்பிட்டு, கற்றீனா என்னும் பெயரால் 1930களிற் கிழக்காபிரிக்காவில் விளக்கியவர் ஜெப்ரி மில்ன் என்னும் ஆங்கிலேயர்.

மேட்டில் இருப்பது செங்கபில மண். மழைநீர் தேங்காது வடிந்து விடுதலால் காற்று உட்புகுந்து, மண்ணிலுள்ள இரும்பு துருவேறிச் செந்நிறம் கொள்ளும். மேற்பகுதியில் மணலும் கீழே சற்று மிகுந்த களியும் படிகக்கற் பரலும் காணப்படும். இது காய்ந்தாற் கல்லாகும்; நனைந்தாற் பிசினாகும். பள்ளத்தில் நீர் பல திங்கள் தங்குகிறது. காற்று இன்மையால் இரும்பு தன் செந்நிறத்தை இழக்க, மண் சாம்பல் நிறமடைகிறது. நீர் ஏறியிறங்கும் இடங்களில் மட்டும் துருநிறப் புள்ளிகள் தோன்றும். இதுவே தாழ்நில வயல்மண். இவ்விரண்டுக்கும் இடையே, சரிவின் நடுவில், நீர் அரைகுறையாக வடியும் மண் ஒன்றும் உண்டு. ஆகவே இங்கு மண்ணின் நிறம், நீர் எத்துணைக் காலம் தங்கியது என்பதைத் தெரிவிக்கும் குறிப்பாகும்.

மூதூர்ப் பக்கத்து மண்ணின் வரலாறு வேறு. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி கங்கை மலைநாட்டிலிருந்து சுமந்து வந்த வண்டலைக் கொட்டியாரக் குடாவை அடுத்துப் பரப்பியிருக்கிறது. வெள்ளம் கரைபுரளும்போது கனத்த மணல் ஆற்றோரத்திலேயே விழுந்துவிடும். நுண்ணிய களியோ அப்பாலுள்ள தாழ்வுகளிற் சென்று தேங்கும். ஆதலின் ஒரே ஊரில், ஆற்றங்கரையில் நெகிழ்ந்த வண்டலும் சிறிது தொலைவிற் கனத்த களியும் இருத்தல் வியப்பன்று.

கடலும் களப்பும் நெருங்கிய இடங்களில் உவர் என்னும் துன்பம் சேர்கிறது. கடல்நீரிலுள்ள சோடியம் களித்துகள்களைப் பற்றியிருக்கும் கல்சியத்தைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். களி பற்றியுள்ள இவ்வகை உப்பு மூலங்களிற் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால், துகள்கள் பிரிந்து மண்கண்களை அடைத்து, நீர் இறங்கவொட்டாது செய்யும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கிண்ணியா, மூதூர்க் கரையோரங்களிற் கடல் புகுந்தபின் வயல்களைப் பற்றி எழுந்த அச்சத்துக்கு அடிப்படை இதுவே. நல்வடிகாலும் நன்னீரும் உள்ள மண்ணில் மழை உப்பைக் கழுவிச் செல்லும். கனத்த களியில் அது எளிதன்று. அங்கு வடிகால் வெட்டுதலோடு, கல்சியம் தரும் ஜிப்சத்தை இட்டுச் சோடியத்தை வெளியேற்றவும் வேண்டும்.

இலங்கை மண்ணை முறையாக ஆராய்ந்தோருள் ஏ. டபிள்யூ. ஆர். ஜோக்கிம் முன்னோடி. பின்னர் எப். ஆர். மூர்மனும் சி. ஆர். பானபொக்கேயும் 1961ஆம் ஆண்டில் நாட்டின் மண்களைப் பெருங்குழுக்களாக வகுத்து வெளியிட்டனர். செங்கபில மண், தாழ்நில வயல்மண், குருமுசோல், வண்டல் மண் முதலிய குழுக்கள் அவ்வகுப்பில் இடம்பெற்றன. இப்பாகுபாடு ஏட்டிற் கிடக்கும் பெயர்ப்பட்டியல் என்று கருதுவோர் உளர். அதன் பயன் வாய்க்காலின் வாயிலில் விளங்கும்.

ஒரு ஹெக்டயர் வயலில் நாளொன்றுக்கு ஒரு சென்ரிமீற்றர் ஆழ நீர் கீழே கசிந்து போவதாகக் கொள்வோம். அது 100 கன மீற்றர், அதாவது 1,00,000 லீற்றர் நீராகும். செங்கபில மண்ணில் நெல்லை நட்டுத் தேக்கி வைக்கும் நீர் இவ்வாறு ஒழுகிக்கொண்டே இருக்கும். தாழ்நிலக் களியிலோ கசிவு மிகக் குறைவு. குளக்கோட்டன் பெயரோடு மரபு இணைத்துப் பேசும் கந்தளாய்க் குளம் எத்துணைப் பெரிதாயினும், சிறுபோகத்தில் அதன் நீர் அளவோடே கிடைக்கும். மேட்டு மண்ணில் நெல்லுக்கு இறைத்த நீர், கடைமடையிலுள்ள தம்பலகாமத்து வயலுக்கு இல்லாத நீர். எனவேதான் நல்வடிகால் உள்ள மேட்டில் மிளகாய், வெங்காயம், பயறு முதலியவற்றையும், பள்ளத்தில் நெல்லையும் பயிரிடுமாறு விவசாய அறிஞர் கூறி வருகின்றனர். சரிவின் நடுநிலத்தில் மாரியில் நெல்லும் சிறுபோகத்தில் மறுபயிரும் இடலாம்.

உழும் காலமும் மண்ணைப் பொறுத்ததே. களி மிகுந்த நிலத்தில் ஏருக்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அதற்கு முன் உழுதாற் கட்டி பெயரும். பின் உழுதாற் சேறு அப்பும். முதல் மழையைக் கண்டவுடன் புழுதி விதைப்புக்கு விரையும் கமக்காரரின் பதற்றத்தில் இவ்வுண்மை அடங்கியுள்ளது.

மண்ணின் இனத்தை ஒருவாறு அறிதற்கு ஆய்வுகூடம் இன்றியமையாததன்று. ஒருபிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ளிப் பார்க்கலாம். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் அறாது நீண்டால் அது கனத்த களி. மண்வெட்டியால் முழங்கால் ஆழம் தோண்டி நிறத்தை நோக்கினால், செம்மை நீர் வடிதலையும், சாம்பல் நீர் தங்குதலையும், துருப்புள்ளி இரண்டும் மாறி மாறி நிகழ்தலையும் காட்டும். கோடை வெடிப்பின் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்தால் களியின் வீங்கும் தன்மை ஓரளவு புலனாகும். உவரின் அளவை மட்டும் கண்ணால் மதிப்பிட்டு அமைதல் கூடாது. அதற்கு மண்ணைச் சோதனைக்கு அனுப்புதலே தக்கது.

களிமண் என்னும் பொதுப்பெயரோடு நின்றுவிட்டால், எல்லா வயலுக்கும் ஒரே நீரும் ஒரே பயிரும் ஒரே மருந்தும் என்றாகிவிடும். அதனால் மேட்டில் நீர் வீணாகும். பள்ளத்தில் உவர் ஏறும். மேட்டுச் செம்மண், பள்ளத்துச் சாம்பற் களி, ஆற்றுக் களி, உவர்க்களி என்று பிரித்தறிந்தவிடத்து, ஒவ்வொன்றும் தான் வேண்டுவதைத் தானே கூறும். திருகோணமலையின் மழை ஆண்டில் ஒருமுறையே பெருகி வருவது. அதனை எந்நிலத்தில், எவ்வளவு, எப்பொழுது நிறுத்துவது என்னும் வினாவுக்கு விடை அந்நிலத்தின் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது.