மாலைப் படகைத் தவறவிடக் கூடாத தீவு

எளிதில் தப்பிக்க முடியாத தீவு என்று பெயரெடுத்த இடம் அது. இன்று அங்கே ஒரு நாள் பயணமாகப் போகிறவர்களின் பெரிய கவலை, மாலைப் படகைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்பதுதான்.

இத்தாலியின் சார்டீனியாவுக்கு வடமேற்கே, மத்தியதரைக் கடலில் நீண்டு கிடக்கிறது அசினாரா. பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டர். 1885இல் அரசு இதைக் கைதிகளின் விவசாயக் குடியிருப்பாகவும், தொற்றுநோயாளிகளைத் தனிமைப்படுத்தும் நிலையமாகவும் ஆக்கியது. அங்கு வாழ்ந்த மேய்ப்பர், மீனவர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்கள் எதிர்க்கரையில் உருவாக்கிய ஊர்தான் ஸ்டின்டீனோ.

முதல் உலகப்போரின்போது இங்கு கொண்டுவரப்பட்ட ஆஸ்திரிய-ஹங்கேரியப் போர்க்கைதிகளில் ஆயிரக்கணக்கானோர் காலராவுக்குப் பலியானார்கள். பின்னர் தீவிரவாதிகளும் மாஃபியா தலைவர்களும் வந்து சேர்ந்தார்கள். 1997இல் தீவு தேசியப் பூங்காவானது. அந்த ஆண்டு இறுதியோடு சிறைக்கதவுகள் மூடப்பட்டன.

நூறாண்டுக்கும் மேலாக வெளியாட்கள் நுழைய முடியாததால், சார்டீனியக் கரையெங்கும் முளைத்த விடுதிகள் இங்கே எட்டிப் பார்க்கவில்லை. மனிதனுக்குத் தண்டனையாக இருந்த தனிமை இயற்கைக்குக் காவலாக அமைந்துவிட்டது. பூங்கா நிர்வாகத்தின் முன்னுள்ள சவாலும் இதுதான்: சிறைக்காவல் காப்பாற்றியதைச் சுற்றுலா அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டுப்பாடுகளும் அதற்கேற்பவே இருக்கின்றன. பயணிகள் சொந்தக் காரில் வர முடியாது. நடை, வாடகை சைக்கிள், பேருந்து, வழிகாட்டியுடன் கூடிய ஜீப் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். சில கடற்கரைகளில் குளிக்கலாம். கலா சாந்த் ஆண்ட்ரியா போன்ற சில இடங்களில் கால் வைக்கவே அனுமதியில்லை.

திட்டமிடும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வாசல் என்பதை. ஸ்டின்டீனோவிலிருந்து படகேறினால் சற்று நேரத்தில் தெற்கு முனையான ஃபோர்னெல்லி வந்துவிடும். உயர்பாதுகாப்புச் சிறை இருந்தது இங்கேதான். போர்ட்டோ டோரஸ் துறைமுகத்திலிருந்து வரும் கப்பல், தீவின் நடுப்பகுதியிலுள்ள கலா ரியாலேயில் இறக்கிவிடும். பழைய தொற்றுநோய் நிலையம் அங்கே இருக்கிறது. போர்க்கைதிகளின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ள நினைவு மண்டபமும் அருகில்தான். தெற்கிலிருந்து வடக்கே கலா டோலிவா வரை செல்லும் சாலை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் என்பதால், நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவது வீண்.

குடிநீரும் சாப்பாடும் கையோடு இருப்பது நல்லது. கோடையில் நிழல் அரிது. வடமேற்கிலிருந்து மிஸ்ட்ரல் காற்று வலுத்தால் படகுப் போக்குவரத்தே நின்றுவிடும் என்பதால், கையில் ஒரு நாள் உபரியாக இருப்பது புத்திசாலித்தனம். தீவின் புகழ்பெற்ற வெள்ளைக் கழுதைகளுக்குக் கண் கூசும். வெயில் ஏறியதும் அவை நிழல் தேடிப் போய்விடும். அவற்றுக்கு எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது.

நேரம் இருந்தால் தவறவிடக் கூடாத இடம் கலா டோலிவா. மாஃபியாவுக்கு எதிரான மாபெரும் வழக்கின் ஆவணங்களை நீதிபதிகள் ஜியோவன்னி ஃபல்கோனேவும் பவுலோ போர்செலினோவும் 1985 கோடையில் இங்கே தங்கித்தான் தயாரித்தார்கள். உயிருக்கு ஆபத்து என்பதால் அரசே அவர்களைக் குடும்பத்தோடு இங்கு அனுப்பிவைத்தது. பிறகு தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் அவர்களிடமே பணம் கேட்டது! 1992இல் இருவரும் குண்டுவெடிப்புகளில் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்கு உத்தரவிட்ட மாஃபியா தலைவன் டோட்டோ ரீனா 1993இல் கைதான பின், அதே கலா டோலிவாவில்தான் அடைக்கப்பட்டான்.

மாலையில் ஃபோர்னெல்லியிலிருந்து திரும்பும் படகு போய்ச் சேருமிடம் ஸ்டின்டீனோ. பயணிகளுக்கு அது அரை மணிக்கும் குறைவான கடல் பயணம். 1885இல் அதே கடலைக் கடந்த குடும்பங்களுக்குத் திரும்பி வரப் படகு இருக்கவில்லை.