போட்டோ பேப்பர்: கனம் பார்த்து விற்றால் போதுமா?

கொற்கைக் காலம் தொட்டு முத்து விற்ற கரை நம்முடையது. சலாபம் நடந்த நாட்களில் வியாபாரிகள் முத்தைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்லிவிட மாட்டார்கள். பல அளவுத் துளைகள் கொண்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள், நிறம், உருட்சி, ஒளி பார்ப்பார்கள், எடை போடுவார்கள். அதன் பின்தான் விலை. 1961-ஆம் ஆண்டோடு பெரிய சலாபங்கள் நின்றுவிட்டன. ஆனால் சரக்கைச் சோதித்து விற்கும் பழக்கம் நம்மிடம் நின்றுவிடக் கூடாது. குறிப்பாக, இங்க்ஜெட் பிரிண்டருக்கான போட்டோ பேப்பரில் அது மிகவும் தேவை.

ஸ்டூடியோக்காரர்களும் ஜெராக்ஸ் கடைக்காரர்களும் நம்மிடம் வந்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "180 இருக்கிறதா, 230 இருக்கிறதா?" நாமும் பண்டலை எடுத்து வைத்துவிட்டுப் பில் போடுகிறோம். நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் விற்றோம். அது தவறு என்று எங்களுக்குக் காட்டியது ஒரு வெள்ளம்.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளைத் தாமிரபரணி வெள்ளம் சூழ்ந்தது. தண்ணீர் வடிந்த பிறகு, நனைந்த படங்களைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஸ்டூடியோக்களுக்கு வந்தார்கள்.

எங்கள் வாடிக்கையாளரான ஒரு ஸ்டூடியோக்காரர் ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு படங்களை எங்களிடம் காட்டினார். ஒன்று பெற்றோரின் பழைய திருமணப் படம். ரசாயன முறையில் கழுவி எடுத்தது. சேற்றை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்ததும் முகங்கள் அப்படியே இருந்தன. மற்றொன்று அந்தத் தகப்பனார் காலமான பிறகு இங்க்ஜெட்டில் அச்சிட்டுச் சட்டம் போட்டது. முகம் இருந்த இடத்தில் ஊதாக் கறைதான் இருந்தது. மூலப்படம் இருந்த செல்போனும் வெள்ளத்தோடு போய்விட்டது.

"அண்ணாச்சி, நல்ல பேப்பர்னு சொல்லித்தானே கொடுத்தீங்க?" என்றார் அவர். அது எங்கள் கிடங்கிலிருந்து போன சரக்குதான். 230 என்று சொல்லிக் கொடுத்தோம், கனத்தில் குறைவில்லை. ஆனால் எதற்காக வாங்குகிறீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

பேப்பர் பாதி, இங்க் பாதி

அந்தக் காலத்துப் போட்டோ பேப்பரில் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சுக்குள்ளேயே படம் உருவாகும். உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பேப்பரைப் பழைய வியாபாரிகள் அறிவார்கள். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. அப்போது படத்துக்கு வேண்டியதெல்லாம் பேப்பரிலேயே இருந்தது.

இங்க்ஜெட்டில் அப்படியில்லை. பேப்பர் ஒரு கம்பெனி, இங்க் ஒரு கம்பெனி, பிரிண்டர் வேறொரு கம்பெனி என்று ஆகிவிட்டது. இங்க் இரண்டு வகை. 'டை' இங்க்கில் சாயம், தண்ணீரில் உப்பைப் போலக் கரைந்திருக்கும். நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஈரம் பட்டால் மீண்டும் கரையக்கூடும். 'பிக்மென்ட்' இங்க்கில் நுண்ணிய நிறத் துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். காய்ந்த பிறகு எளிதில் கரையாது, வெளிச்சத்திலும் பொதுவாக அதிக நாள் நிற்கும். ஆனால் ஒத்துப்போகாத பளபளப்புப் பேப்பரில் விரலோடு வந்துவிடும்.

இந்தப் பொருத்தம் பெரிய கம்பெனிகளையே ஏமாற்றியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில், அதே நிறுவனத்தின் பளபளப்புப் பேப்பரில் அச்சிட்ட சில படங்கள் விரைவிலேயே ஆரஞ்சு நிறமாக மாறின. நுண்துளைப் பூச்சு வழியாகக் காற்றிலுள்ள ஓசோன் புகுந்து நீல நிறச் சாயத்தை அழித்ததே காரணம். எனவே பெட்டியின் மேல் "இத்தனை ஆண்டு நிற்கும்" என்று போட்டிருந்தால், அது குறிப்பிட்ட இங்க்கோடு சேர்த்துச் சொன்ன கணக்கு என்று கொள்ள வேண்டும். மலிவான மாற்று இங்க் ஊற்றினால் அந்தக் கணக்கு செல்லாது.

கடையிலேயே செய்யும் சோதனைகள்

சந்தையில் மிகுதியாக ஓடும் பளபளப்புப் பேப்பர் இரண்டு ரகம். ஒன்று சாதாரணக் காகிதத்தின் ஒரு முகத்தில் மட்டும் பூச்சிட்ட 'காஸ்ட் கோட்டட்'. மற்றொன்று காகிதத்தின் இருபுறமும் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, அதன்மேல் பூச்சிட்ட 'ஆர்.சி.' பேப்பர். முன்பக்கம் இரண்டும் ஒன்று போலவே மின்னும். விலையில் வித்தியாசம் அதிகம்.

1. பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக்கொண்டால் காஸ்ட் கோட்டட். முத்துப் போல உருண்டு நின்றால் ஆர்.சி.

2. ஓரத்தை மெதுவாகக் கிழியுங்கள். ஆர்.சி.யில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுபடும்.

3. தராசில் வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 16 ஏ4 தாள்கள். ஆகவே 180 ஜி.எஸ்.எம். தாள் 20 இருந்தால் உறை நீக்கி 225 கிராம் இருக்க வேண்டும். 230 என்றால் சுமார் 287 கிராம். குறைந்தால் அட்டையில் போட்டிருப்பது பொய்.

4. வாடிக்கையாளர் பயன்படுத்தும் இங்க்கிலேயே ஒரு மாதிரி அச்சிட்டு, ஒரு நாள் காயவைத்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இன்னொரு மாதிரியில் பாதியை மறைத்துச் சில வாரம் வெயில் படும் இடத்தில் வைத்தால், நிறம் எவ்வளவு நிற்கும் என்பது தெரிந்துவிடும்.

பிரிண்டரில் பேப்பர் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் நம் கடமை. சில டாங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்றவை டை. சாதாரணக் காகிதம் என்று அமைத்துவிட்டுப் பளபளப்புப் பேப்பரைச் செருகினால் கறுப்பு ஒட்டாமல் தேய்ந்துவிடும். "பேப்பர் மட்டம்" என்று திரும்பி வரும் சரக்கில் இப்படிப்பட்டவையும் உண்டு.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பண்டல்களைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். மரப்பலகை மேல் படுக்கையாக அடுக்குங்கள். பழைய சரக்கை முதலில் விடுங்கள். பிரித்த பாக்கெட்டை உடனே மூடி வைக்கும்படி சில்லறைக் கடைக்காரர்களுக்கும் சொல்லுங்கள். ஈரம் குடித்த பேப்பர் சுருளும், இங்க் பரவும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இப்போது எங்கள் கடையில் பண்டலை எடுக்குமுன் மூன்று கேள்வி கேட்கிறோம். என்ன இங்க்? எதற்காக? எத்தனை காலம் நிற்க வேண்டும்? பள்ளிக்கூடப் புராஜெக்ட், விளம்பர அட்டை என்றால் காஸ்ட் கோட்டட் போதும். விலை கூடியதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. திருமண ஆல்பம், காலமானவர் படம் என்றால் நல்ல ஆர்.சி. பேப்பரும், அதற்குப் பொருந்திய பிக்மென்ட் இங்க்கும் நல்லது என்கிறோம். அச்சிட்டு ஒரு நாளாவது காய்ந்த பிறகே, கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்கிறோம். எந்தப் பேப்பரும் வெள்ளத்துக்குத் தப்பும் என்று நாங்கள் உறுதி சொல்வதில்லை. இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வைக்கச் சொல்கிறோம்.

இதனால் சில நாள் வியாபாரம் குறைந்தது உண்மை. மட்டமான ரகத்தை 'பிரீமியம்' என்று விற்கும் இடத்துக்குச் சிலர் போனார்கள். அவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த ஸ்டூடியோக்காரர் இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறார். ஆனால் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தகப்பனாரின் கடைசிப் படத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பேப்பர் விற்கும் சங்க உறுப்பினர்கள் அனைவரும் இந்த மூன்று கேள்விகளையும் எழுதிக் கல்லாப் பக்கம் ஒட்டி வைக்க வேண்டுகிறோம்.